எங்கள் அயர்லாந்துப் பாட்டன்

பெரியப்பா மகனும் நானும் ஆசையாக எச்சில் துப்பி அனுப்பிய மரபணுச் சோதனையின் முடிவு நேற்று வந்தது. மகள்தான் படித்துச் சொன்னாள்.

"அயர்லாந்து ஒரு சொட்டுகூட இல்லீங்கப்பா. உங்க ரெண்டு பேருக்கும் ரத்த சம்பந்தமே இல்லையாமா."

எனக்கு ஏழு வயதிருக்கும். பக்கத்து வீட்டு அக்கா என் மோவாயைத் தூக்கிப் பார்த்து, "ஏன் அம்மணி, இந்தப் பூனைக்கண்ணு உங்க ஊட்டுல யாருக்குமில்லியே?" என்றார். காபி ஆற்றிக்கொண்டிருந்த அம்மாவின் கை அப்படியே நின்றது.

தலையெல்லாம் மில் பஞ்சோடு உள்ளே வந்த அப்பா சிரித்தார். "எங்க பாட்டனுக்குப் பாட்டன் அயர்லாந்துக்காரருங்க!"

அந்தப் பாட்டன் கப்பல் கவிழ்ந்து கொச்சியில் கரையேறினார். கணவாய் வழியாக நடந்தே வந்து, வால்பாறையில் சிறுத்தையோடு மல்லுக்கட்டி, பல்லடத்தில் பெண்ணெடுத்தார். யாராவது என் கண்ணை உற்றுப் பார்க்கும்போதெல்லாம் கதை வளரும், சிறுத்தை புலியாகிவிட்டது.

"உங்க கண்ணு கறுப்புத்தானுங்களே?" என்று அப்பாவிடம் ஒருமுறை கேட்டேன்.

"என்னைத் தாண்டி உங்கிட்ட வந்துபோட்டாருடா கண்ணு."

நம்பினேன். கல்லூரியில் அந்தப் பாட்டனை வைத்துப் பெண்களிடம் அளந்தும் பார்த்தேன், ஒருத்தியும் மயங்கவில்லை.

அம்மாவை யாரும் அடுத்த கேள்வி கேட்டுவிடக் கூடாதென்று, பவானியைத் தாண்டிப் போகாத அப்பா, இல்லாத ஒரு பாட்டனைக் கடல் தாண்ட வைத்திருக்கிறார். எல்லாம் தெரிந்தேதான் என்னைத் தோளில் தூக்கிக்கொண்டு திரிந்திருக்கிறார். இன்று அம்மா, அப்பா இருவருமே இல்லை.

"அப்போ அந்த அயர்லாந்துக்காரர் யாருங்கப்பா?" என்றாள் மகள்.

"எங்கப்பா" என்றேன்.