ஆடியில் ஊறிய பாகல் விதைகள்

அரசு வேலைக்காகக் கடல் தாண்டிப் போன தீவில், ஷாதிபூரில் எனக்குக் கிடைத்த குவார்ட்டர்ஸில் இரண்டு அறைகள், தகரக் கூரை, பின்னால் கொஞ்சம் நிலம். ஒரு குடும்பத்துக்கான வீடு. இருந்தது நான் ஒருவன். அறுபதுகளின் நடுப்பகுதி அது. கல்யாணமான புதிது. பதினைந்து நாள் மட்டும் மனைவியோடு இருந்துவிட்டுக் கப்பலேறியவன் நான்.

அவள் வராததற்கு நானே காரணம். கையை வைத்துக்கொண்டு சும்மா இராமல், அபர்டீன் பஜாரில் பச்சைக் காய்கறி அபூர்வம், கப்பலில் வந்து சேரும் வெண்டைக்காயை அடுப்பில் விறகாக வைக்கலாம் என்று முதல் கடிதத்தில் வேடிக்கையாக எழுதிவிட்டேன். அவள் அதை வேடிக்கையாக எடுத்துக்கொள்ளவில்லை. "கறிகாய்கூட இல்லாத ஊரில் எப்படிக் குடித்தனம் நடத்துவது? பின்னால் நிலம் இருக்கிறது என்கிறீர்களே, தோட்டம் போடுங்கள். காய்க்கட்டும், வருகிறேன்" என்று பதில் வந்தது. அடுத்த கப்பலில் விதைகளும் வந்தன. பாகல், சுரை, புடலை, வெண்டை என்று தனித்தனித் துணி முடிச்சுகள். கூடவே செய்முறை. ஆடி பிறந்ததும் ஊன்றிவிட வேண்டும் என்பதன் அடியில் இரண்டு கோடு போட்டிருந்தாள்.

எனக்குக் கோப்பு கட்டத்தான் தெரியும். ஆனாலும் அவள் எழுதியதில் ஓர் எழுத்துத் தவறாமல் செய்தேன். பொக்கு விதைகளைப் பொறுக்கி எறிந்தேன். பாகல் விதைக்கு ஓடு தடிமன் என்பதால் முனையை மட்டும் நகவெட்டியால் லேசாகக் கிள்ளி, ஒரு பகல் முழுக்க ஊறவைத்தேன். பிறகு ஈரத்துணியில் முடிந்து வைக்கோலுக்குள் வைக்கச் சொல்லியிருந்தாள். வைக்கோலுக்கு நான் எங்கே போவது? பழைய வேட்டியைக் கிழித்து முடிந்து, அடுப்படியில் இளஞ்சூடு படும் இடமாகப் பார்த்து வைத்தேன்.

அலுவலகம் விட்டதும் எங்கும் நிற்காமல் வந்து முடிச்சைத் தொட்டுப் பார்ப்பேன். நாலாம் நாள் அவிழ்த்தபோது ஒவ்வொரு விதையின் வாயிலும் வெள்ளையாக ஒரு முளை. அந்த வீட்டில் யாரோ எனக்குப் பதில் சொன்ன மாதிரி இருந்தது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அவற்றோடு நான் பேசினேன்.

பாத்தி கட்டும்போது பக்கத்து வீட்டுக்காரர் வேலியோரம் வந்து நின்றார். தூத்துக்குடிப் பக்கம், கப்பல் பட்டறையில் ஃபிட்டர். தீவில் பல வருஷம் இருந்ததில் பேச்சில் இந்தி கலந்துவிட்டது; மழை அவருக்குப் பாரிஷ். பெரிய குடும்பம். என் வீட்டில் கேட்கும் சிரிப்பெல்லாம் அவர் வீட்டுச் சிரிப்புதான்.

"என்ன சார், இந்த பாரிஷ்லயா விதை போடுதீய?"

"ஆடி பிறந்துட்டுதே."

"ஆடியெல்லாம் மெயின்லேண்டுக்கு சார். இங்க வைகாசில புடிச்ச மழை கார்த்திகை வரைக்கும் விடாது. அம்புட்டும் அழுகி கத்தம் ஆயிரும். மழை விட்டப்புறம் போடுங்க."

கார்த்திகைக்கு இன்னும் நான்கு மாதம். அதன் பிறகு காய்க்க இரண்டு மாதம். அத்தனை காலம் அந்த வீட்டில் தனியாக இருப்பதை நினைத்ததும் அவர் மேல் எரிச்சல் எரிச்சலாக வந்தது. இவருக்கென்ன தெரியும், என் மனைவி இரண்டு கோடு போட்டிருக்கிறாள் என்று எல்லா விதைகளையும் அன்றே ஊன்றினேன்.

பதினோரு நாள் விடாமல் அடித்தது மழை. குடையோடு போய்ப் பாத்திமேல் பலகை சாய்த்தேன், தகரம் வைத்தேன். கடைசியில் மண்ணைக் கிளறியபோது விரல்களில் வழவழவென்று கூழ்தான் ஒட்டியது. ஒன்றுகூடத் தேறவில்லை.

அடுத்துப் புறப்பட்ட கப்பலில் போன கடிதத்தில் எல்லாம் முளைத்துவிட்டது என்று எழுதினேன். அடுத்த கப்பலுக்குப் பாகல் பந்தலேறியது. அதற்கடுத்த கப்பலுக்குப் பிஞ்சு விட்டுக் காய்த்தது. செடி வளர்கிற வேகத்துக்குப் பொய்யை வளர்த்தேன். வந்து பார்த்தால் என்ன சொல்வாளோ என்ற பயமே எனக்கு இல்லை. வந்தால் போதும், வாய் வலிக்கத் திட்டட்டும்.

புரட்டாசிக் கடைசியில் பதில் வந்தது.

"காய் காய்த்ததைப் படித்து மனம் குளிர்ந்தது. சாப்பாட்டுக்கு என்ன பாடுபடுகிறீர்களோ என்ற கவலை தீர்ந்தது. இங்கே அம்மாவுக்கு உடம்பு முடியவில்லை. நீங்கள்தான் தனியாகவே சமாளித்துக்கொள்கிறீர்களே. நான் அடுத்த வருஷம் வருகிறேன்."

முதலில் அவள் மேல் கோபம் வந்தது. காய்க்கட்டும் வருகிறேன் என்று சொன்னவள்தானே? பிறகு அந்தக் கோபத்தை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. வெளியே மழை கொட்டிக்கொண்டிருந்தது. பக்கத்து வீட்டில் எதற்கோ எல்லோரும் சிரித்தார்கள்.

ஒரு தாளை எடுத்து, "ஒரு செடிகூட முளைக்கவில்லை. எழுதியதெல்லாம் பொய். தனியாக இருக்க முடியவில்லை, வா" என்று எழுதினேன். எட்டு மாதமாகக் கப்பலுக்குக் கப்பல் எழுதிய எந்தக் கடிதத்திலும் அந்தக் கடைசி வரியை நான் எழுதியதே இல்லை என்பது, உறையை ஒட்டும்போதுதான் உறைத்தது.