சாட்சி சொன்ன பிறகு

முதலில் இரத்தம் வந்தது பிள்ளைக் காம்பராவில்தான். இலங்கை மலையகத்தில், லிந்துலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில், தாய்மார் கொழுந்து பறிக்கப் போகும்போது கைக்குழந்தைகளை விட்டுச் செல்லும் அந்த அறைக்கு நான் ஆயா. ஒரு பிள்ளையைத் தொட்டிலில் போட்டுவிட்டு இருமினேன். முந்தானையில் சிவப்பாக ஒரு பொட்டு. வெற்றிலைச் சாறு என்று என்னையே ஏமாற்றப் பார்த்தேன். அன்று நான் வெற்றிலையே போடவில்லை.

இதே நோயோடு, ஆண்டவரையும் நம்பிக்கொண்டு படுத்திருப்பவர்களுக்காக எழுதுகிறேன். நான் செய்த தவறை நீங்கள் செய்யக் கூடாது.

தோட்டத்தில் எல்லோரும் பிரஜாவுரிமை (குடியுரிமை) மனுவோடு அலைந்துகொண்டிருந்த வருடங்கள் அவை. நான் எக்ஸ்ரே படத்தோடு அலைந்தேன். இடது நுரையீரலில் குழி விழுந்திருந்தது. காசம் என்றார்கள். மூன்று மாதம் ஆஸ்பத்திரியில் கிடந்தேன். தினமும் ஸ்ட்ரெப்டோமைசின் (அப்போது புதிதாக வந்திருந்த காசநோய் ஊசி). அதைப் போட்டால் காதுக்குள் வண்டு இரையும். கூடவே பாஸ் (தண்ணீரில் கரைத்துக் குடிக்கும் மருந்துத் தூள்). குடித்தால் குடலே வாய்க்கு வருவதுபோல் இருக்கும். நாக்கில் வெள்ளையாக ஒரு பூச்சு நிற்கும்.

எனக்கும் என் கணவர் சாமுவேலுக்கும் பிள்ளை இல்லை. பிள்ளைக் காம்பராவில் கிடந்த பதினான்கும்தான் என் பிள்ளைகள். "ஆண்டவரே, என்னை அதுகளிடம் திருப்பி அனுப்பும்" என்பதைத் தவிர நான் வேறெதுவும் ஜெபிக்கவில்லை.

மூன்றாம் மாதச் சளிப் பரிசோதனையில் (சளியில் கிருமி இருக்கிறதா என்று பார்ப்பது) கிருமி தெரியவில்லை. யாழ்ப்பாணத்து டாக்டர் என்னை உட்காரவைத்துச் சொன்னார்.

"கிருமி தெரியேல்லை எண்டால் கிருமி இல்லை எண்டு அர்த்தமில்லை. பதினெட்டு மாதம் மருந்தை விடக் கூடாது. விளங்குதோ?"

விளங்கியது என்று தலையாட்டினேன்.

எங்கள் சபையில் ஒரு வழக்கம். நோயிலிருந்து எழுந்தவர்கள் மாதத்தின் முதல் ஞாயிறு முன்னே வந்து சாட்சி சொல்ல வேண்டும். சபையை நடத்திய உபதேசியார் என்னைப் பார்த்து, "எஸ்தரம்மா, ஆண்டவர் செஞ்சதச் சபைக்குச் சொல்லுங்க" என்றார். எனக்கு எப்போதுமே வாய் கொஞ்சம் நீளம். பூரண சுகம் கிடைத்துவிட்டது என்று சொன்னேன். பெண்கள் அழுதார்கள். நானும் அழுதேன். அது நடிப்பல்ல.

ஊசி ஆஸ்பத்திரியோடு நின்றுவிட்டது, வீட்டில் பாஸ் தூள் மட்டும்தான். மறுநாள் காலை அந்த டின்னைத் திறந்தேன், கை போகவில்லை. பூரண சுகம் என்று சொன்ன வாயால் இதைக் குடித்தால் ஆண்டவரைப் பொய்யராக்குவேன் என்று நினைத்தேன். அந்தக் குமட்டலும் இந்த நினைப்புக்குத் துணை நின்றது, அதையும் மறைக்க மாட்டேன். தூளை எங்கள் லயத்துக்கு (தொழிலாளர் வரிசை வீடுகளுக்கு) முன்னால் ஓடும் சாக்கடைக் கானில் கொட்டித் தண்ணீர் ஊற்றினேன்.

வாராவாரம் தோட்டத்து டிஸ்பென்சரியில் மருந்து வாங்கினேன், வாராவாரம் கானில் கொட்டினேன். நான் குடிக்கிறேன் என்று நம்பித்தான் மறுபடி பிள்ளைக் காம்பராவுக்கு அனுப்பினார்கள். "மருந்து குடிச்சியா எஸ்தரு?" என்று சாமுவேல் கேட்பார். "குடிச்சேங்க" என்பேன்.

ஐந்து மாதம் போனது. இருமல் திரும்பியபோது பனியைக் குறை சொன்னேன். அதற்குள் எங்கள் லயத்துக் கடைசிக் காம்பராவில் இருந்த செல்லம்மாவின் மகள் பார்வதிக்குக் காய்ச்சல் வந்தது. கழுத்தில் நெறி கட்டியது. பத்து மாதக் குழந்தை. பகல் முழுக்க என் மடியில் கிடந்த பிள்ளை. ஒரே வாரத்தில் பார்வதியையும் என்னையும் அதே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். இருவருக்கும் ஒரே நோய்.

டாக்டரிடம் உண்மையைச் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார்.

"பிள்ளைக்கு என்னாலதான் வந்துச்சாங்க?"

"இருக்கலாம். உங்கட லயத்தில இருமிற வேற ஆக்களும் இருக்கினம். அறிய வழியில்லை."

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அந்த 'அறிய வழியில்லை' என்பதோடு ஆறு மாதம் அந்தக் கட்டிலில் கிடந்தேன். கடவுள் இல்லை என்று ஒருநாளும் தோன்றவில்லை. அன்று சபையில் என்னைப் பேசவைத்தது அவரா, என் ஆசையா என்றுதான் தெரியவில்லை. அது தெரியாதபோது எந்த ஜெபத்தை நம்புவது?

உபதேசியார் பார்க்க வந்தார். அவர்மேல் எரிந்து விழுந்தேன். குனிந்த தலையோடு கேட்டுக்கொண்டிருந்தார்.

"எனக்கும் வெளங்கலைங்க எஸ்தரம்மா. எந்திரிச்சுப் பேசச் சொன்னது நான். என் தப்பும் இருக்குது."

ஜெபிக்கட்டுமா என்று கேட்கக்கூடப் பயந்தார். "ஜெபிங்க" என்று நானே சொன்னேன். எனக்கு வார்த்தை வராத நாட்களில் இன்னொருவரின் ஜெபத்தில் ஒதுங்கிக்கொள்ளலாம் என்று அன்று கண்டுகொண்டேன்.

பார்வதி பிழைத்தாள். கழுத்தில் ஒரு தழும்பு நின்றது. வீடு திரும்பியதும் செல்லம்மாவிடம் போய், மருந்தைக் கானில் கொட்டியதைச் சொன்னேன். அவள் பிள்ளையை வாரி எடுத்துக்கொண்டு உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள்.

அடுத்த முதல் ஞாயிறு யாரும் கூப்பிடாமலே எழுந்தேன். "சுகமாயிட்டேனான்னு எனக்குத் தெரியாது. மருந்த இனி விட மாட்டேன். ஆண்டவரையும் விட மாட்டேன்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தேன். யாரும் அழவில்லை. பொய்யும் இல்லை.

பிள்ளைக் காம்பராவுக்கு நான் திரும்பவில்லை, கேட்கவும் இல்லை. தெம்பு வந்ததும் கொழுந்து பறிக்க என் பேரைப் பதிந்தார்கள். இடது பக்கம் மூச்சு பாதிதான் இறங்கும். மலையில் இருபது அடிக்கு ஒருமுறை நிற்க வேண்டும். முன்பெல்லாம் கிறிஸ்மஸுக்குக் கிறிஸ்மஸ் நாள் எண்ணியவள், இப்போது அடுத்த தேயிலைச் செடிவரை மட்டும் எண்ணினேன். அதற்கு மேல் எனக்கு உத்தரவாதம் இல்லை. அது பயமாகவும் இல்லை.

செல்லம்மா கொழுந்து பறிக்கும் நிரை (செடி வரிசை) என் நிரைக்குப் பக்கத்தில். பல வாரம் பேசவில்லை. ஒரு காலை, மலையேறு முன் என் எதிரே வந்து நின்றாள்.

"மருந்து குடிச்சீங்களா?"

"குடிச்சிட்டேன் செல்லம்மா."

"நாக்கக் காட்டுங்க."

நாக்கை நீட்டினேன். வெள்ளைப் பூச்சைப் பார்த்துவிட்டுக் கூடையை மாட்டிக்கொண்டு போனாள். அன்றிலிருந்து மருந்து முடியும்வரை தினமும் கேட்டாள், தினமும் காட்டினேன். ஆண்டவர் எனக்கு உதவுகிறாரா என்று சந்தேகம் வந்த காலைகளிலும் காட்டினேன்.

மருந்து முடிந்த மறுநாளும் பழக்கத்தில் அவள் முன் போய் நாக்கை நீட்டிவிட்டேன். செல்லம்மா சிரித்துவிட்டாள். அவள் என்னைப் பார்த்துச் சிரித்து ஒன்றரை வருடத்துக்கு மேலாகியிருந்தது.