பாய் கத்திக்கு ஓர் உறை

போன ஞாயிறு, காலை ஆறு மணி. என் வீட்டு வாசலில் நின்று கத்தியை இழுத்துக்கொண்டிருந்தார் சிக்கந்தர் பாய். அவர் பிடியை இழுக்க, நான் உறையை இழுக்க... கத்தி அசையவே இல்லை.

பாய் நாகல் நகரில் எங்கள் தெருக்காரர், கல்யாண பிரியாணி மாஸ்டர். கறி வெட்டும் கத்தியைத் துணியில் சுற்றி, பைக் பையில் போட்டுக்கொண்டு போவார். போன மாதம் அந்தப் பையில் மிட்டாய் தேடிய அவருடைய ஆறு வயது மகளுக்கு விரலில் மூன்று தையல். பாய் அழுதுவிட்டார். எனக்குத் தாங்கவில்லை.

"உறை நான் செய்து தர்றேன் பாய்" என்று சொல்லிவிட்டேன். யூடியூபில் நாலு வீடியோ பார்த்தவனுக்கு வேறென்ன தகுதி வேண்டும்?

பேகம்பூரில் தோல் வாங்கினேன். கடைக்காரர் பொறுமையாகச் சொன்னார்.

"கூர் பக்கம் உள்ளாற ஒரு தோல் பட்டை வச்சுத் தைங்க சார், இல்லாட்டி கத்தி நூலை அறுத்துரும். தச்சதும் தோலை நனைச்சு, கத்தியைச் சொருகிக் காயவிடுங்க. நல்லா அச்சு பிடிச்சுக்கும். ஆனா கத்திக்கு ஒரு பிளாஸ்டிக் கவர் சுத்திருங்க."

பட்டை வைத்தேன். தைத்தேன். ஊசி விரலில் ஏறியது ஏழு முறை — மனைவி எண்ணிக்கொண்டிருந்தாள். வெள்ளிக்கிழமை பாயிடம் கத்தியை வாங்கி, தோலையும் நனைத்தாயிற்று. கவர்?

மூன்று வாரம் முன்பு இதே பத்திரிகைப் பக்கத்தில் பிளாஸ்டிக்குக்கு எதிராக எழுதி முழங்கியவன் நான். என் கையாலேயே கவர் சுற்றுவதா? இரும்புக் கத்தியை ஈரத் தோலுக்குள் அப்படியே செருகி, மொட்டை மாடியில் இரண்டு நாள் காயவிட்டேன்.

கொள்கைக்கு ஒன்றும் ஆகவில்லை. கத்திதான் துருப்பிடித்தது. தோல் சுருங்கி அதை இறுகக் கவ்விக்கொண்டது.

"இம்புட்டுப் பத்திரமான உறையை நான் பார்த்ததே இல்ல சார்" என்றார் பாய். "எட்டு மணிக்கு ஆத்தூர்ல நிக்கா வேல. கறி வந்து கெடக்கும். செத்த உங்க வீட்டுக் கத்தியைக் குடுங்க."

கத்தியை வெளியே எடுக்க இன்னொரு கத்தி! என் ஆறு நாள் உழைப்பு அரை நிமிடத்தில் பிளந்தது. உள்ளே துருவும் தோல் கறையுமாகக் கன்னங்கரேலென்று இருந்த கத்தியை வாசலிலேயே தேய்த்துக் கழுவி, பழையபடி துணியில் சுற்றி, அதே பையில் போட்டுக்கொண்டு கிளம்பினார். அந்தத் துணியைப் பார்த்தபோதுதான் எனக்கு வெட்கமாக இருந்தது.

மதியம் பாய் பிரியாணியோடு வந்தார். பிளாஸ்டிக் கவரில்.

"கவரைத் தூக்கிப் போட்டுறாதீங்க சார்" என்றார். "அடுத்த உறைக்கு ஆகும்."

கழுவி, கொடியில் காயப்போட்டிருக்கிறேன். இந்த வாரம் பிளாஸ்டிக்கைப் பற்றி எனக்கு எந்தக் கருத்தும் இல்லை.