பேருந்தை நிறுத்திய கூரை

எழுபதுகளின் கடைசியில் திருத்தணிப் பக்கம் கிராம சேவிகாவாக இருந்தேன். வேலையில் சேர்ந்த முதல் மழைக்காலத்திலேயே பொதட்டூர்பேட்டைக்கு அருகில் ஓர் ஏரிக்கரை உடைந்தது. நெசவாளர் தெருவில் மண்சுவர்கள் கரைந்துவிட்டன. மரக்கால்களின் மேல் ஓலைக்கூரைகள் மட்டும் நின்றன. மேட்டில் இடம் ஒதுக்கியாகிவிட்டது. ஆனால் கூரையைப் பிரித்தால் ஊறிப்போன ஓலை மறுபடி உதவாது; புது ஓலையும் கிடைக்கவில்லை. வானம் இன்னும் கறுத்துக்கொண்டே இருந்தது.

நிவாரணக் குழுவில் ஒரு பிலிப்பைன்ஸ் பெண் இருந்தார். பெயர் லூஸ். அப்படிக் கூப்பிடக் கூச்சப்பட்டுத் தெருக்காரர்கள் அவரை லஸ்ஸம்மா ஆக்கிவிட்டார்கள்.

"ஏன் பிரிக்க வேண்டும்? அப்படியே தூக்கலாமே" என்றார் ஆங்கிலத்தில். அவர் நாட்டில் மூங்கில்களைக் கட்டி, ஊரே தோள் கொடுத்து வீட்டை முழுசாகச் சுமந்து போகுமாம். பாயனிஹான் என்று பெயர். கூலி கிடையாது, வீட்டுக்காரர் சாப்பாடு போடுவார்.

நான் தமிழில் சொன்னதும் நெசவாளர் ஜெயராமன் அவரை ஏற இறங்கப் பார்த்தார்.

"லூசுன்னு பேரு சரியாத்தான் வெச்சிகிறாங்க. ஊடு இன்னா பல்லக்கா, தூக்கிக்கினு போறதுக்கு?"

"நீ சும்மா இரு" என்றாள் அவர் மனைவி ராஜம்மா. "கைக்கொழந்தைய வெச்சிக்கினு எத்தினி நாளு நான் பள்ளிக்கூடத்துல படுக்கறது? தூக்கட்டும்."

"ஒடைஞ்சா? இருக்கற கூரையும் பூடும்!"

அதை நான் ஆங்கிலத்தில் சொல்லத் தொடங்கினேன். அதற்குள் லஸ்ஸம்மா மூங்கிலைக் கட்ட ஆரம்பித்துவிட்டார். "வா பாவா, புடி!" என்று ராஜம்மாவின் தம்பி அத்தானைக் கூப்பிட, ஜெயராமனும் முணுமுணுத்துக்கொண்டே நுழைந்தார். ஈரமண்ணிலிருந்து மரக்கால்கள் பிடுங்கிக்கொண்டு வந்தன. யாரோ "அரோகரா!" என்றார்கள். கூரை எழுந்து நடந்தது.

ரோட்டில் எதிரே திருத்தணி பஸ் வந்து நின்றது. "முருகா, எம்மாம் பெரிய காவடி!" என்று ஒரு பாட்டி கன்னத்தில் போட்டுக்கொண்டார். விஷயம் தெரிந்ததும் பயணிகள் இறங்கிவந்து தோள் கொடுத்தார்கள். கண்டக்டர் விசிலை ஊத, அந்தத் தாளத்துக்கு எல்லாரும் நடந்தோம். குடையோடு பின்னோக்கி நடந்து வழிகாட்டிய லஸ்ஸம்மா வயல் சேற்றில் மல்லாந்தார். கூரை சிரிப்பில் குலுங்கியது.

அப்போது என் மேலதிகாரி பி.டி.ஓ.வின் ஜீப் வந்தது. "யார் பெர்மிஷன் கொடுத்தது?" என்று கத்தினார். என் வேலை போய்விட்டது என்றே நினைத்தேன்.

ஓலைக்கு அடியில் எதுவும் தெரியாத ஜெயராமன் அதட்டினார்: "பேசிக்கினே நிக்காத நைனா, தோள் குடு! இந்தப் பக்கம் எறங்குது!"

பி.டி.ஓ. என்னைப் பார்த்தார். செருப்பைக் கழற்றினார். உள்ளே நுழைந்துவிட்டார்.

மேட்டில் இறக்கியதும் ராஜம்மா அலறினாள்: "ஐயோ, வாசப்பக்கம் தெக்கால பாக்குதே! திருப்புங்க!" மறுபடி தூக்கினோம், சிரித்துச் சிரித்துத் தூக்கவே முடியாமல்.

பிறகு ராஜம்மா எல்லாருக்கும் கூழ் ஊற்றினாள். பி.டி.ஓ.வை அப்போதுதான் பார்த்த ஜெயராமன் கூழைக் கீழே வைத்துவிட்டுக் கும்பிட்டார். "சார்… நைனான்னு இஸ்துட்டேனே சார்!"

சாயங்காலம் மழை கொட்டியது. கூரை ஒரு மூலையில் ஒழுகியது. குழந்தை மறு மூலையில் தூங்கியது.

இளைஞர்களுக்கு நான் சொல்வது இதுதான். சேதம் நடந்த ஊருக்குப் போனால், போனதைக் கணக்கெடுக்கும் முன் என்ன நிற்கிறது, யார் யார் நிற்கிறார்கள் என்று பாருங்கள். மறுநாள் காலை ஆபீசிலிருந்து மெமோ வரும் என்று பயந்தபடி நான் நெசவாளர் தெருவுக்குப் போனபோது, பி.டி.ஓ. சட்டையைக் கழற்றித் தலையில் முண்டாசு கட்டிக்கொண்டு நின்றார்.

"லேட்டா வர்றியேம்மா! அடுத்த ஊடு யாருது?"