சுக்கான்காரர் வேலாயுதமும் என் கறுப்பு மசகும்

ஹேவாஹெட்டத் தோட்டத்திலிருந்து நடந்து வந்த ஆள் கெலிஓயாத் துறையில் வந்து நின்றபோது, நான் பெரிய ஓடத்தைக் கரையில் கட்டிக்கொண்டிருந்தேன். மகளைப் பார்க்கப் போன இடத்தில் காய்ச்சல் கண்டு, மூன்றாம் நாள் வேலாயுதம் அவர்கள் இறந்துபோனார்கள் என்று அந்த ஆள் சொன்னார். வண்டிக்காரர்கள் தலைப்பாகையை அவிழ்த்தார்கள். காப்பி மூட்டை சுமந்து வந்த பெண்கள் அதை இறக்கிவைத்துவிட்டு அந்த ஈர மணலிலேயே உட்கார்ந்து அழுதார்கள்.

எனக்கு முதலில் வந்தது அழுகை இல்லை. நான் செத்தால் இத்தனை பேர் வேலையைப் போட்டுவிட்டு அழுவார்களா என்று சுற்றிப் பார்த்தேன். அப்படிப்பட்டவன் நான். அதை மறைத்தால் அவரைப் பற்றி எழுதவே எனக்கு யோக்கியதை இல்லை.

துறையைக் குத்தகைக்கு எடுத்திருக்கும் முதலாளியும் இறங்கி வந்தார். "நல்ல மனுசன். அந்த ஒரு தடவ சுக்கானக் கவனிக்காம ஓடத்தக் கல்லுல விட்டாரு. அத விட்டா அவருகிட்ட ஒரு கொறையும் சொல்ல முடியாது" என்றார். கூடியிருந்தவர்கள் தலையாட்டினார்கள்.

முதலாளி சொன்ன அந்த ஒரு குறை உண்மையல்ல. அது எனக்குத் தெரியும். பதினாறாம் நாள் காரியத்துக்கு எல்லாரும் கூடும்போது வாசிப்பதற்காகவே இதை எழுதுகிறேன். வாசித்து முடித்தபின் சுக்கான் என் கையில் இருக்குமா என்பது முதலாளியின் விருப்பம். எனக்கு எழுத்து உண்டு, வேலாயுதம் அவர்களுக்குக் கிடையாது. அவரைவிட எனக்குக் கூடுதலாகத் தெரிந்தது இது ஒன்றுதான். இதையாவது அவருக்காகச் செய்கிறேன்.

அவரும் நானும் ஒரே கூட்டத்தில் கடல் கடந்து இந்தக் கண்டிச் சீமைக்கு வந்தவர்கள். காப்பி பறிக்கத்தான் வந்தோம். நாங்கள் ஆற்றங்கரை ஊரில் பிறந்தவர்கள், ஓடம் பிடிக்கத் தெரியும் என்று சொன்னதும் எங்கள் இருவரையும் துறையில் நிறுத்திக்கொண்டார்கள். அவர் என்னைவிட ஆறு மாதம் மூத்தவர், அதனால் அண்ணே என்று கூப்பிட்டேன். ஆறு மாதத்துக்கு ஓர் அண்ணனா என்று அப்போதே உள்ளுக்குள் உறுத்தியது. வண்டியும் மாடும் காப்பி மூட்டையும் போகிற பெரிய ஓடத்தின் சுக்கானை அவரிடம் கொடுத்தார்கள். ஆட்கள் மட்டும் போகிற சின்ன ஓடம் எனக்கு வந்தது.

ஆட்களாவது என் ஓடத்துக்கு வந்தார்களா என்றால் அதுவும் இல்லை. இரண்டு ஓடமும் கரையில் நின்றால் பெரியதில் இடம் இருக்கிறதா என்றுதான் முதலில் எட்டிப் பார்ப்பார்கள். என் வீட்டுக்காரியே ஒரு நாள் சந்தைக்குப் போக வந்தவள், நான் நிற்பதைப் பார்த்துக்கொண்டே என்னைத் தாண்டிப் போய் அவர் ஓடத்தில் ஏறினாள். வீட்டுக்கு வந்து கேட்டேன்.

"அவுக ஓடத்துல போனா வயித்தப் பெரட்டாது. ஒங்க ஓடம் ஊஞ்சல் மாதிரி ஆடுது" என்றாள்.

இரண்டு நாள் அவளோடு பேசவில்லை. நான் பேசாததை அவள் கவனித்ததாகவும் தெரியவில்லை.

அவர் ஓடம் ஏன் ஆடவில்லை என்பது துறையில் எல்லாருக்கும் தெரியும். தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். ஓடத்தின் பின்பக்கம் ஓர் இரும்பு வளையம் இருக்கும். சுக்கானின் இரும்பு முளை அதில் உட்கார்ந்து திரும்பும். அந்த இடத்தில் ஆற்று வண்டல் சேர்ந்தால் சுக்கான் முரண்டு பிடிக்கும், ஓடம் ஆடும். நாங்களெல்லாம் முரண்டு பிடித்த பிறகுதான் எண்ணெய் விடுவோம். வேலாயுதம் அவர்கள் வெள்ளிக்கிழமைதோறும் விடிந்ததும் சுக்கானைக் கழற்றிக் கரையில் சாய்த்துவிடுவார். காப்பி உமியை அள்ளிவந்து, முளையிலும் வளையத்திலும் பழைய மசகு ஒரு பொட்டு மிச்சமில்லாமல் தேய்த்தெடுப்பார். ஆமணக்கெண்ணெயில் தேன்மெழுகை உருக்கிக் கலந்த மசகை விரலால் பூசுவார். மாட்டியபின் சுக்கானை இடக்கோடிக்கு ஒரு தரம், வலக்கோடிக்கு ஒரு தரம் திருப்புவார்.

"நடுவுல நிறுத்திப் பூசுனா நடுவுக்கு மட்டுந்தான் கெடைக்கும் தம்பி. ஆபத்துன்னு வந்தா நாம திருப்புறது கோடிக்குத்தான்" என்பார்.

கேட்காமலே சொல்வார். இவரிடம் நான் பாடமா கேட்டேன் என்று முகத்தைத் திருப்பிக்கொள்வேன். எண்ணெய்க்கு மெழுகு எவ்வளவு என்று மட்டும் கேட்க எனக்கு ஆசை. கேட்டால் அவரிடம் தோற்றுப்போன மாதிரி ஆகிவிடும் என்று கேட்கவேயில்லை.

ஓர் ஐப்பசி மாதம் மாவலி ஆறு பெருகிக் கலங்கி ஓடியது. அவர் ஒரு காரியமாக இரண்டு நாள் கண்டிக்குப் போயிருந்தார். பெரிய ஓடம் என் கைக்கு வந்தது. எனக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்லி முடியாது. ஆனால் இரண்டாம் நாள் சாயங்காலம் சுக்கான் இறுக ஆரம்பித்தது. மறுநாள் அவர் வந்து தொட்டுப் பார்த்தால், இரண்டு நாளில் நான் கெடுத்து வைத்துவிட்டேன் என்று துறையே பேசும். அதை நினைத்ததும் எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

கரையில் அவிழ்த்துவிட்டிருந்த வண்டியொன்றின் அச்சிலிருந்து மசகை வழித்தேன். வைக்கோல் கரியை எண்ணெயில் குழைத்த கறுப்பு மசகு. பழையதைத் தேய்த்தெடுக்கப் பொறுமையில்லை. உள்ளே கிடந்த வண்டலின் மேலேயே அதை அப்பினேன். சுக்கானையும் நடுவில்தான் நிறுத்தி வைத்திருந்தேன். அப்பியதும் வழுவழுவென்று திரும்பியது. இதற்காகவா இந்த மனிதர் வாராவாரம் இத்தனை பாடுபடுகிறார் என்று சிரித்துக்கொண்டே வீட்டுக்குப் போனேன்.

மறுநாள் காலை அவர் வந்து சுக்கானை இப்படியும் அப்படியும் இலேசாக அசைத்துப் பார்த்தார். "நல்லா வச்சிருக்கியே தம்பி" என்றார். சுக்கான் விஷயத்தில் அவர் என்னைப் பாராட்டியது அதுதான் முதல் தடவை. அப்போதாவது நான் சொல்லியிருக்கலாம். அந்தப் பாராட்டை இழக்க எனக்கு மனம் வரவில்லை.

காப்பி மூட்டைகளையும் ஒரு சோடி மாட்டையும் நாலைந்து ஆட்களையும் ஏற்றிக்கொண்டு போனார். நடு ஆற்றில் வேரோடு ஒரு மரம் மிதந்து வந்தது. அதிலிருந்து விலகுவதற்காகச் சுக்கானைக் கோடிக்குத் திருப்பினார். திரும்பிய சுக்கான் திரும்பி வரவில்லை. கரியும் வண்டலும் கட்டிப்போய் அங்கேயே இறுகிவிட்டது. ஓடம் சுழன்று கல்லில் மோதியது. பாதி மூட்டைகள் ஆற்றோடு போயின. ஆட்களுக்கும் மாட்டுக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஓடம் சாயாமல் தோளைக் கொடுத்து நின்ற அவருக்குத்தான் தோள்மூட்டு விலகிப்போனது.

நான் சின்ன ஓடத்தில் போய்ச் சேர்ந்தபோது அவர் முளையைத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தார். விரலெல்லாம் கறுப்பு. நிமிர்ந்து என்னைப் பார்த்தார். பிறகு ஒற்றைக் கையாலேயே தலைத்துண்டை அவிழ்த்து, அந்தக் கறுப்பு முழுவதையும் துடைத்தெடுத்து, துண்டை ஆற்றில் விட்டார். ஓடத்தைக் கரைக்கு இழுத்துக்கொண்டு வந்ததும் முதலாளி கேட்டார்.

"என்னய்யா, மசகு போட்டீங்களா இல்லையா?"

"கவனிக்காம விட்டுட்டேன் முதலாளி" என்றார்.

நான் அவருக்கு மூன்று முழத் தூரத்தில் நின்றேன்.

அன்றைக்கே பெரிய ஓடம் என்னுடையதாயிற்று. தோள் கூடியபின் அவரை அதே ஓடத்தில் முன்பக்கம் கழி ஊன்றும் ஆளாகப் போட்டார்கள். பதினோரு வருடம் என் கீழ் வேலை செய்தார். அது பற்றி அவர் என்னிடம் பேசியது ஒரே ஒரு தடவை. "வண்டி மசகு ஆத்துக்கு ஆகாது தம்பி. கட்டிப்போயிரும்" என்றார். அவ்வளவுதான். அவருக்குத் தெரியும் என்பது எனக்கும் தெரிந்துபோனது. திட்டியிருந்தால் நானும் நாலு வார்த்தை பேசி ஆற்றிக்கொண்டிருப்பேன். அதற்கும் அவர் இடம் கொடுக்கவில்லை.

வெள்ளிக்கிழமைதோறும் என் சுக்கானுக்கு அவரே மசகு போட்டார். பெரிய ஓடம் ஆடாமல் போனது. ஆட்கள் என்னைப் புகழ்ந்தார்கள். "வேலாயுதம் அண்ணன் புடிச்ச மாதிரியே இருக்கு" என்று புகழ்ந்தார்கள். என்னைப் புகழ்வதற்கும் அவர் பேர்தான் வேண்டியிருந்தது. சுக்கான் பிடித்தவன் நான் பின்னால் நிற்க, ஏறியவர்கள் முன்பக்கம் போய் அவரிடம் வெற்றிலை வாங்கிப் போட்டுக்கொண்டு கதை பேசினார்கள். வேலையைப் பறித்துக்கொண்ட பிறகும் அந்த மனிதரைப் பார்த்து எனக்கு வயிறு எரிந்ததென்றால், நான் பறித்தது எதை என்று எனக்கே விளங்கவில்லை.

எல்லார் முன்னாலும் சொல்வதற்கு முன் அவருடைய மனைவியிடம் சொல்ல வேண்டும் என்று நேற்று அவர்கள் குடியிருக்கும் லயத்து வீட்டுக்குப் போனேன். எழுதியதை இதுவரைக்கும் வாசித்துக் காட்டினேன். செல்லம்மா மதினி முழுவதும் கேட்டார்.

"தெரியும் தம்பி. அன்னைக்கே சொல்லிட்டாரு" என்றார்.

நான் தாளை மடித்துக் கையில் வைத்துக்கொண்டேன்.

"அப்ப ஒங்க வீட்டுல நெறமாசம். ஒங்க வேல போயிட்டா அந்தப் புள்ள எங்க போயி நிக்கும்னாரு. எனக்குக் கோவந்தான். ரெண்டு நாள் சோறு போடல அவருக்கு."

பதினோரு தீபாவளிக்கு அந்த வீட்டில் நான் சாப்பிட்டிருக்கிறேன். இலையில் பலகாரம் வைத்தவர் இந்த மதினிதான்.

"இத எல்லாரு முன்னாலயும் வாசிக்கணுமா? அவரு இருந்தா வேணாம்னுதான் சொல்லுவாரு" என்றார்.

"அவரு எனக்காகச் சொன்ன பொய்யிலயே பதினோரு வருசம் இருந்துட்டேன் மதினி" என்றேன்.

முதலாளி அவர்களே, ஓடத்தைக் கல்லில் விட்டது வேலாயுதம் அவர்கள் அல்ல. அவர் ஒரு வெள்ளிக்கிழமையும் தவறவில்லை. கறுப்பு மசகு என்னுடையது. நாளைக் காலை சுக்கான் பக்கம் நான் போகமாட்டேன். கழியை எடுத்துக்கொண்டு முன்பக்கம் நிற்பேன். வைத்துக்கொள்வதும் அனுப்புவதும் உங்கள் பாடு.

போய் வாருங்கள் அண்ணே. உங்களிடம் ஒரே ஒரு குறை உண்டென்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். அதைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு உள்ளுக்குள் ஓர் ஆறுதல் இருந்தது. இப்போது அதுவும் போயிற்று.