கூரையைத் தொட்ட கள்ளி

காலையில் குன்னத்தில் எங்கள் வீட்டு வாசலில் நின்று என் மனைவி கத்தினாள்: "ஏங்க, கள்ளி கூரையில முட்டிக்கிட்டு நிக்குது. தலைய நறுக்கி வுடுங்க." அருவாளை எடுத்துவிட்டேன். கை எழவில்லை.

பல வருஷத்துக்கு முன்னால் அரியலூர் பக்கம் ஒரு சுண்ணாம்புக்கல் குவாரியில் எனக்கு வேலை. எடைமேடையில் லாரி நம்பர் எழுதுவேன். அந்தப் புழுதிக்காட்டில் கண்ணாடி போட்ட அறை அது ஒன்றுதான். அதனாலேயே என்னை ஆபீசர் என்று நினைத்துக்கொண்டிருந்தேன், அந்தக் கண்ணாடியைத் துடைப்பவனும் நான்தான் என்றாலும்.

பாறையில் துளை போடும் சின்னதுரை அண்ணன் ஒருநாள், தூண் மாதிரி நேரே வளரும் கள்ளி ஒன்றை அறுத்த தார் டின்னோடு தூக்கி வந்தார். "வெளிய தூசி மூடிருது தம்பி. உங்க கண்ணாடி ரூம்புல கெடக்கட்டும்."

அவர் மேல் தூசி படாமல் மறைக்கத்தான் கண்ணாடி ஏதும் இல்லை. அவர் இருமுவது லாரி சத்தத்தையும் தாண்டிக் கேட்கும். தூசி வேலையை விடச் சொல்லியிருந்தார் டாக்டர்.

"எப்பண்ணே வேலைய விட்டு நிப்பீங்க?"

"இது கூரையத் தொடட்டும். அன்னிக்கே மிஷினப் போட்டுட்டு வூட்டுக்குப் போயிருவேன்."

சிரித்துக்கொண்டுதான் சொன்னார். ஆனால் வாரம் தவறாமல் முழம் போட்டுப் பார்ப்பார். இன்னும் ரெண்டு முழம் பாக்கி.

"மாசத்துக்கு ரெண்டு டம்ளர் தண்ணி, அதுக்கு மேல காட்டாதீங்க" என்றும் சொல்லியிருந்தார். எனக்குப் பொறுக்கவில்லை. அவர் போனதும் தினம் ஒரு சொம்பு ஊற்றினேன். கீரைப்பாத்தி பார்த்து வளர்ந்தவன். ஊற்றினால் வளரும், எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

ஒருநாள் அறையில் அழுகிய வெள்ளரி நாற்றம். கள்ளி பச்சையாகத்தான் நின்றது. அண்ணன் அடியில் கை வைத்தார். விரல் உள்ளே போனது. கள்ளி அப்படியே சாய்ந்து என் மேசையில் விழுந்தது. ஈர மண்ணைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். நுனியில் அழுகாத ஒரு சாண் துண்டை நறுக்கி, நிழலில் காயவைத்து, பத்து நாள் கழித்துப் புதுமண்ணில் நட்டார்.

"அப்ப வேலை, அண்ணே?"

"சொன்னா சொன்னதுதான். முதல்லேருந்து வளரட்டும்."

அது முழங்கால் உயரம் வந்தபோது அவர் அந்த இருமலிலேயே இறந்துபோனார்.

கள்ளி டின்னை என்னையே எடுத்துக்கொள்ளச் சொன்ன அவர் மனைவி ஒன்றே ஒன்று கேட்டார்: "உங்ககிட்டதானே தம்பி எல்லாம் பேசுவாரு. ஏன் வேலைய விட்டு நிக்காமலே போயிட்டாரு?" நான் தண்ணீர் ஊற்றியதை அன்றும் சொல்லவில்லை. இப்போது சொல்ல, அந்த அண்ணியும் உயிரோடு இல்லை.

குவாரியை மூடிவிட்டார்கள், பள்ளம் முழுக்கத் தண்ணீர். கண்ணாடி அறை இருந்த இடத்தில் கருவேலம் மண்டிக் கிடக்கிறது. அருவாளைத் திரும்ப ஆணியில் மாட்டினேன். கள்ளி கூரையைத் தொட்டுவிட்டது. வேலையை விட ஆள்தான் இல்லை.