பத்து மாதம் கூட்டாத வீடு

அம்மாவை வீட்டிலிருந்து எடுத்துப் போனது 2024 ஆகஸ்ட் 14, புதன்கிழமை, பிற்பகல் இரண்டரை மணிக்கு. எங்களுடையது மூன்றாம் மாடி, லிஃப்ட் கிடையாது. நான்கு பேர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு படிக்கட்டு வளைவில் திரும்பும்போது, பின்னால் போய்க்கொண்டிருந்த அப்பா நின்றார். திரும்பி மேலே ஏறி வந்தார். தாங்க முடியாமல் வருகிறார் என்று நினைத்து எல்லாரும் வழிவிட்டோம். அவர் யாரையும் பார்க்கவில்லை. சமையலறைக் கதவுக்குப் பின்னால் இருந்த விளக்குமாற்றை எடுத்துக்கொண்டு மறுபடி இறங்கினார். நான் ஜன்னல் வழியாகப் பார்த்தேன். தன் பழைய காரின் பின்பெட்டியைத் திறந்து அதை உள்ளே வைத்துப் பூட்டினார். பிறகு அம்மா இருந்த வேனில் ஏறினார்.

ஆண்கள் பத்து லஞ்சாங் சுடுகாட்டுக்குப் போனதும், வீட்டைக் கழுவிவிட சவுந்தரம் அத்தை சேலையைத் தூக்கிச் செருகினார். அப்பாவின் தங்கை, தாசேக் கெலுகோரிலிருந்து வந்திருந்தார்.

“எங்கடி வெளக்கமாறு?”

“அப்பா எடுத்துட்டுப் போயிட்டாரு அத்த.”

“சுடுகாட்டுக்கா?”

“காடியில வச்சுப் பூட்டிட்டாரு.”

அத்தை என்னைப் பார்த்தார். அம்மா போய் ஒரு நாள் முழுதாக ஆகாத வீட்டில் எங்கள் இருவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. வாயைப் பொத்திக்கொண்டோம். பிறகு அத்தை அப்படியே சுவரோரம் உட்கார்ந்து அழுதார். “அண்ணி போனது பயணம்னு நெனச்சிட்டாரு போலிருக்குடி.”

எங்கள் உறவில் எல்லாருக்கும் தெரிந்த விஷயம் அது. ஒருவர் பயணம் புறப்பட்டால், அவர் போய்ச் சேர்ந்த செய்தி வரும்வரை வீட்டைக் கூட்டக்கூடாது. பல தமிழ் வீடுகளில் இந்த வழக்கம் உண்டு. ஆள் தெருமுனை தாண்டியதும் மறந்துவிடுவார்கள். என் அம்மா நவமணி மறந்ததே இல்லை.

அம்மாவுக்கு அது எவ்வளவு கடினம் என்பதைச் சொல்ல வேண்டும். பினாங்குத் தீவுக்கு எதிர்க்கரையில், சுங்கை பாக்காப் பக்கம் ஒரு தோட்டத்தில் பிறந்து, பத்தொன்பது வயதில் பாலத்துக்கு இந்தப் பக்கம், தீவிலுள்ள பாயான் லெப்பாஸில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் சேர்ந்தவர். இருபத்தெட்டு வருடம் அங்கேதான். கண் மட்டும் தெரிய, தலையிலிருந்து கால்வரை மூடிய வெள்ளை உடுப்பு. அதற்கு அவர் வைத்த பெயர் முயல் சட்டை. உள்ளே போகுமுன் ஒரு சின்ன அறையில் நிறுத்திக் காற்றை அடித்துத் தூசியை எடுப்பார்களாம். “எங்க ரூம்ல ஒரு தூசு விழுந்தா லாரி கவுந்த மாதிரிலா” என்பார்.

அந்த அறையை அவர் வீட்டுக்கும் கொண்டுவந்துவிட்டார். வாசலில் ஒரு மேசை விசிறி எப்போதும் ஓடும். வெளியிலிருந்து வருகிறவர்கள் கையைத் தூக்கி அதன் முன்னால் ஒரு சுற்றுச் சுற்ற வேண்டும். நானும் தம்பி ஹரீஷும் பள்ளிப் பையோடு சுற்றியிருக்கிறோம். சமையல் காஸைத் தோளில் சுமந்து மூன்று மாடி ஏறிவந்தவரும் சுற்றியிருக்கிறார். ஒரு நாளைக்கு மூன்று முறை கூட்டுவார். அப்படிப்பட்டவர், யாராவது பயணம் போய்விட்டால், தரையைப் பார்க்காமலிருக்கக் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு நடமாடுவார்.

அப்பா மோகனராஜ் தொழிற்சாலை பஸ் ஓட்டினார். காலையில் சுங்கை பாக்காப்பில் பெண்களை ஏற்றிப் பாலம் தாண்டி இறக்கிவிட்டு, மாலையில் திரும்பக் கொண்டுபோய் விடுவார். அந்தப் பெண்களில் ஒருத்தியாகத்தான் அம்மா அவருக்கு அறிமுகம். ஒவ்வொருத்தியும் தன் சந்துக்குள் நுழைந்து வீட்டுக் கதவு திறக்கும்வரை அப்பா பஸ்ஸை எடுக்கமாட்டாராம். “உன் அப்பா என்னைய மட்டும் பாத்திருந்தா நான் திட்டியிருப்பேன். நாப்பது பேரையும் அப்படித்தான் பாத்தாரு. அதான் கட்டிக்கிட்டேன்” என்று அம்மா சொல்வார்.

கல்யாணமாகி தீவுக்கு வந்த புதிதில், பாலம் தாண்டினாலே பயணம் என்று அம்மா தீர்மானித்தார். அப்பாவோ தினம் நான்கு தடவை தாண்டுகிறவர். ஒரு வாரம் வீடு கூட்டப்படவில்லை. ஞாயிற்றுக்கிழமை அப்பா உட்காரவைத்துப் பேசினாராம்: “இந்தா பாரு மணி, சம்பளம் குடுத்தா அது வேல. சம்பளம் இல்லன்னா பயணம்.” அம்மா யோசித்து ஒப்புக்கொண்டார். எங்கள் வீட்டில் சட்டங்கள் இப்படித்தான் திருத்தப்படும்.

நான் ஊர் சுற்ற ஆரம்பித்த பிறகு சட்டம் கடுமையானது. இருக்குமிடத்தில் இருக்க முடியாத உடம்பு என்னுடையது. ஆறு வருடத்தில் எத்தனை ஊர் என்று கணக்கில்லை. ஒவ்வொரு முறையும் நான் ‘சேர்ந்துட்டேன்’ என்று செய்தி அனுப்புவேன். அடுத்த நிமிடம் அம்மாவிடமிருந்து ‘கூட்டிட்டேன்’ என்று வரும். அம்மாவும் நானும் அதிகம் எழுதிக்கொண்டது இந்த இரண்டு சொற்களைத்தான்.

ஒரு முறை நேப்பாளத்து மலையில் மூன்று நாள் தொடர்பே கிடைக்கவில்லை. இங்கே மூன்று நாளும் விளக்குமாறு தொடப்படவில்லை. அப்பா கன்னத்துக்குக் கீழே தட்டைப் பிடித்துக்கொண்டு பிஸ்கட் தின்றிருக்கிறார். ஹரீஷ் முடிவெட்டிக்கொண்டு வந்து, வெளியே படிக்கட்டிலேயே சட்டையைக் கழற்ற வேண்டியிருந்தது. எதிர்வீட்டு ரோஹானா அக்காவுக்குப் பொறுக்கவில்லை. நான் உங்கள் மதமில்லை, என் கை பட்டால் கணக்கில் வராது, நான் கூட்டிவிடுகிறேன் என்று மலாயில் சொன்னாராம். அம்மாவுக்கு ஆசை வந்துவிட்டது. அப்பாவைப் பார்த்திருக்கிறார்.

“வெளக்கமாறு யாருது?” என்று கேட்டார் அப்பா.

ரோஹானா அக்கா ஓடிப்போய்த் தன் வீட்டு விளக்குமாற்றை எடுத்துவந்தார்.

“சரி, தர யாருது?”

ரோஹானா அக்கா விளக்குமாற்றோடு வாசலிலேயே நின்றார். அதற்குள் நான் அழைத்துவிட்டேன்.

2023இல் நான் ஒரு தப்பு செய்தேன். லிஸ்பனுக்குப் போகும் வழியில் தோஹாவில் விமானம் மாற வேண்டும். அம்மா இருபது மணி நேரம் தூசியோடு இருப்பாரே என்று தோஹாவிலிருந்தே ‘சேர்ந்துட்டேன்’ என்று அனுப்பிவிட்டேன். அடுத்த விமானம் மேலேறிய பிறகு, அதன் வைஃபையில் ‘கூட்டிட்டேன்’ என்று வந்தது. நல்லது செய்ததாக நினைத்துத் தூங்கிப்போனேன். மறுநாள் நான் போட்ட விமானத்துப் படத்தை ஹரீஷ் அம்மாவிடம் காட்டியிருக்கிறான். லிஸ்பனில் இறங்கியதும் அழைப்பு வந்தது.

“நான் கூட்டிக்கிட்டு இருந்தப்ப நீ எங்கடி இருந்த?”

“…வானத்துல.”

இரண்டு வாரம் பேசவில்லை. பிறகு ஒரு நாள் சாதாரணமாகக் கேட்டார்: “ரூபினி, நான் என்ன, கூட்டுறதுக்கா காத்துக்கிட்டு இருந்தேன்?” பிறகு அவரே சொன்னார்: “நீ எறங்குறவரைக்கும் எனக்கு ஒரு வேல இருந்திச்சு. கூட்டாம இருக்கிறது. அதப் புடுங்கிட்ட நீ.”

அதன்பிறகு நான் பொய்ச்செய்தி அனுப்பவில்லை.

2024 ஆகஸ்டில் ஹரீஷ் அழைத்து, “அக்கா, உடனே வா” என்றான். லிஸ்பனிலிருந்து இரண்டு விமானம் மாறினேன். கோலாலம்பூரில் இறங்கியதும் பழக்கத்தில் கை முதலில் அம்மாவுக்குத்தான் எழுதியது: ‘கேஎல் சேர்ந்துட்டேன். இன்னும் பினாங்கு இல்ல. கூட்டாதீங்க.’ அதை அனுப்பிய பிறகுதான் ஹரீஷின் செய்தியைத் திறந்தேன். நான் வானத்தில் இருந்தபோது அம்மா போயிருந்தார்.

சடங்கு நாளன்று அத்தை கடைசியில் வெறும் வாளித் தண்ணீரும் துணியுமாக வீட்டைக் கழுவினார். “கழுவுறது வேற, கூட்டுறது வேற. அண்ணி கேட்டா நான் சொல்லிக்கிறேன்” என்றார். அந்தச் சட்டத்தை அப்பா ஏற்றுக்கொண்டார். ஈரத்துணியால் துடைக்கலாம், கூட்டக்கூடாது. பதினாறாம் நாள் முடிந்தது. விளக்குமாறு காரிலேயே இருந்தது. தீபாவளிக்கு முன் ஹரீஷ், தரையில் தானே ஓடித் தூசியை உறிஞ்சும் வட்ட மிஷின் ஒன்றை வாங்கிவந்தான்.

“இது கூட்டாதுப்பா. உறிஞ்சும். அவ்ளோதான்.”

அப்பா அதைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். “அம்மா ஒத்துக்குவாளா?”

ஹரீஷ் அதை அலமாரி மேல் வைத்துவிட்டு அறைக்குள் போய்விட்டான். 

அப்பாவுக்குப் புத்தி கலங்கிவிடவில்லை. அம்மாவின் சாம்பலைப் படகில் போய்க் கரைத்ததே அவர்தான். சோறு வடிப்பார், பேப்பர் படிப்பார். ஆனால் காய்கறி வாங்கப் பசாருக்குப் போவதைத் தவிர எங்கும் போகமாட்டார். பாலம் தாண்டவே இல்லை. வாசல் விசிறி பகல் முழுக்க ஓடும். அதன் பக்கத்தில் நாற்காலி போட்டு, கையில் ஹேண்ட்போனோடு உட்கார்ந்திருப்பார். எனக்கு லிஸ்பனில் ஒரு வேலை காத்திருந்தது. டிக்கெட்டை மூன்று முறை தள்ளிப்போட்டேன். நானும் போய்விட்டால் அவர் இரண்டு பேருக்காகக் கூட்டாமல் இருக்க வேண்டும். அவரை அந்த நாற்காலியிலிருந்து எழுப்பாமல் என்னால் போக முடியாது. எப்படி எழுப்புவது என்றும் தெரியவில்லை.

ஜூன் மாதம், ஒரு புதன்கிழமை காலை. அம்மாவின் ஹேண்ட்போனை ஹரீஷ் இன்னும் நிறுத்தாமல் வைத்திருந்தான். நான் அறையில் உட்கார்ந்து அதைத் திறந்தேன். அப்பாவின் பெயரைத் தொட்டேன். ஒரே ஒரு சொல். அதற்காகத்தானே காத்திருக்கிறார்? ‘சேர்ந்துட்டேன்’ என்று அடித்தேன். அனுப்பும் இடத்தின் மேல் விரல் நின்றது. தோஹா ஞாபகம் வந்தது. ஒவ்வோர் எழுத்தாக அழித்தேன். மறுபடி அடித்தேன். மறுபடி அழித்தேன்.

கூடத்தில் நாற்காலி இழுபடும் சத்தம் கேட்டது. அப்பா அறை வாசலில் வந்து நின்றார். முகம் வெளுத்திருந்தது. ஹேண்ட்போனை என் பக்கம் நீட்டினார்.

“ரூபினி, அம்மா ஏதோ எழுதுறா. எழுதுறான்னு காட்டுது. நிக்குது, மறுபடி எழுதுறா.”

அப்போதுதான் என் கையைப் பார்த்தார்.

மாதக்கணக்கில் அந்தத் திரையைத் திறந்து வைத்துக்கொண்டுதான் அவர் உட்கார்ந்திருந்திருக்கிறார். எனக்கு அது தெரியாது. நான் தலையைக் குனிந்துகொண்டேன். அவர் கட்டிலில் வந்து உட்கார்ந்தார். “என்ன எழுதுன?” என்றார்.

“சேர்ந்துட்டேன்னு.”

“ஏன் அனுப்பல?”

“அம்மா ரெண்டு வாரம் பேசமாட்டாங்க.”

அப்பா சிரித்தார். பத்து மாதத்தில் முதல் தடவை. சிரிப்பு பாதியிலேயே உடைந்துபோய், தோள் குலுங்கியது. நான் அவர் முதுகில் கைவைத்தேன்.

“எனக்குத் தெரியும்மா” என்றார் கண்ணைத் துடைத்துக்கொண்டு. “செத்தவ எங்கேருந்து அனுப்புவா? அது இல்ல. முப்பது வருசம் பஸ் ஓட்டுனேன். ஒருத்தி வீட்டுக்குள்ள போறத பாக்காம நான் பஸ்ஸ எடுத்ததே இல்ல. அன்னிக்கு அங்க எல்லாம் முடிஞ்சதும், திரும்பிப் பாக்காம நடங்கன்னு சொல்லிட்டாங்க. வழக்கமாம். நானும் திரும்பாம வந்துட்டேன். இத்தன பேத்த பாத்து எறக்கிட்டு, இவள மட்டும் பாக்காம வந்துட்டேன்லா.”

“அம்மா எந்த எடத்துல ஏறுவாங்க?” என்று மட்டும் கேட்டேன்.

“சுங்கை பாக்காப் பெரிய ரோடு. மொத ஸ்டாப்பு. அஞ்சே முக்கால். ஒரு நாள் லேட்டா வந்ததில்ல.” ஹேண்ட்போனைக் கட்டிலில் வைத்தார். “சாயங்காலம் அங்கதான் எறங்குவா. எறங்கி, சந்துக்குள்ள போறவரைக்கும் ஒரு தடவகூட திரும்பிப் பாக்கமாட்டா. நான் பாப்பேன்னு தெரியும் அவளுக்கு.”

அன்று நான் சமைத்தேன், அவர் பேப்பர் படித்தார். வியாழனும் வெள்ளியும் சனியும் அப்படியே போயின.

ஞாயிற்றுக்கிழமை நான் எழுந்தபோது வாசல் விசிறி நின்றிருந்தது. நாற்காலியில் அப்பா இல்லை. ஜன்னல் வழியாகப் பார்த்தேன், காரும் இல்லை. மூன்று முறை அழைத்தேன், எடுக்கவில்லை. ஹரீஷை எழுப்பினேன். “பாலத்துல ஓட்டுறாரு போலக்கா, எடுக்கமாட்டாரு” என்றான். பஸ் ஓட்டிய காலத்துப் பழக்கம். இருவரும் காபிகூடப் போடாமல் கூடத்தில் உட்கார்ந்திருந்தோம். வெயில் ஏறி, தரையில் இருந்த தூசியும் முடியும் ஒவ்வொன்றாகத் தெரிய ஆரம்பித்தன. இருவருமே கீழே பார்க்காமலிருக்க முயன்றோம்.

எட்டு மணி இருபது நிமிடத்துக்கு என் ஹேண்ட்போன் அதிர்ந்தது.

‘சுங்கை பாக்காப் சேந்துட்டேன். மொத ஸ்டாப்புல நிக்கிறேன். சந்து அப்படியே இருக்கு, கொஞ்ச நேரம் பாத்துட்டு வரேன். வெளக்கமாறு கதவுக்குப் பின்னாடி வச்சிருக்கேன். நீ கூட்டும்மா.’